எண் அழிந்த கம்பிகள்

நான் விமானம் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன் என்றுதான் ஊரில் எல்லாருக்கும் நினைப்பு. விமானமாவது மண்ணாங்கட்டியாவது! நாங்கள் உருக்குக் கம்பி செய்கிறோம். அது எங்கோ போய், எவரோ கடைந்து, விமானத்துக்குள் ஒரு பாகமாகிறது. கேட்டு வாங்குகிறவர்கள் பெருகிவிட்டதால், திண்டிவனத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் ஆலையில் பழைய கூடத்தை ஒட்டி இன்னும் பெரிதாக ஒரு கூடம் கட்டினார்கள். புது உலை, புது ஆட்கள். கம்பிகளைச் சோதித்து அனுப்பும் பிரிவிலிருந்து என்னை மட்டும் அங்கே தூக்கிப் போட்டார்கள்.

வந்தவர்களில் பாதிப் பேர் இந்தி பேசினார்கள், மீதிப் பேர் போனோடு பேசினார்கள். நான் கோலியனூர்க்காரி, திண்டிவனத்தில் தனியாக அறை எடுத்திருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் நல்ல பதில் சொல்வதும் இல்லை. நாள் முழுக்க என்னோடு வாய்திறந்து பேசியது ஒரே ஆள்தான்: கூடத்தைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்த கிளியனூர் அக்கா. மதியம் எதிரில் உட்கார்ந்து மல்லாட்டைத் துவையலை என் தட்டில் தள்ளுவாள்.

"தின்னு. குச்சியாட்டம் இருந்துக்கினு எல்லாரையும் மிரட்டுற" என்பாள். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நான் வேலைக்கே போனேன்.

ஆயுத பூஜை வந்தது. புதுக் கூடத்துக்கு அதுதான் முதல் பூஜை. அக்கா விடுவாளா? முந்தின நாளே தன் பெண்களோடு இறங்கி, அனுப்பத் தயாராக இருந்த கம்பிகளை ஒன்றுவிடாமல் தின்னர் தொட்டுத் துடைத்து, முனைக்கு முனை சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். காலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் பளபளவென்று மின்னுகிறது. முனையில் பெயிண்டில் எழுதியிருந்த எண்களைத்தான் காணோம்.

உலையில் ஒவ்வொரு முறை உருக்கும்போதும் ஓர் எண் கொடுப்போம். நாளைக்கு ஒரு பாகம் உடைந்தால், அது எந்த உருக்கிலிருந்து வந்தது என்று தேடிப் பிடிக்க அதுதான் வழி. அந்த எண் இல்லாத கம்பி, எவ்வளவு நல்ல கம்பியானாலும், விமானத்துக்கு ஆகாது. அங்கே இருந்தவை இரண்டு தடவை உருக்கியவை, இரண்டு எண்கள். ஒரே வகை, ஒரே கனம். துடைக்கும்போது புரட்டிப் போட்டுக் கலந்துவிட்டிருந்தார்கள். இனி எந்தச் சோதனையும் அவற்றைப் பிரித்துச் சொல்லாது.

"நீதான தினம் பார்த்துக்கினு இருந்த? எது எதுன்னு உனக்குத் தெரியாதா? எழுதிடும்மா. இல்லன்னா எனக்குப் பேஜாராயிடும்" என்றாள் அக்கா.

"தெரியலக்கா."

"குத்துமதிப்பா எழுதேன்."

"குத்துமதிப்பா எழுத இது என்ன கத்திரிக்கா கூடையா?"

அவளுடைய பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முகம் செத்துவிட்டது.

மேலாளர் கத்தினார். அந்த எண் எதற்கென்று இவர்களுக்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னீர்களா என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. கம்பிகள் திரும்ப உலைக்குப் போயின. அக்காவை மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கி, கேன்டீனில் தரை துடைக்கப் போட்டார்கள். அன்றிலிருந்து அவள் கதவோர மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒருநாள் வெட்கத்தை விட்டு எதிரில் போய் உட்கார்ந்தேன். டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ஆள் இல்லாத அறையைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆள் கண்ணெதிரே இருந்தும் பேச்சில்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு மதியம், அவளே என் மேசைக்கு வந்து நின்றாள். உட்காரவில்லை.

"பொண்ணு குவைத்து போறா. நர்ஸ் வேலை. மெட்ராஸ்ல ப்ளேன் ஏறுறா."

"ரொம்ப சந்தோஷம்க்கா."

"நீ பார்த்து அனுப்புற இரும்புதான அதுல இருக்கும்?"

எந்த விமானம், எந்த நாட்டு உருக்கு, எவன் பார்த்து அனுப்பியது, எனக்கு என்ன எழவு தெரியும்?

"ஆமாக்கா, நான் பார்த்ததுதான். பயப்படாதீங்க" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு கதவோர மேசைக்கே திரும்பிப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள்.