அஞ்சாவது எலுமிச்சம்பழம்

அடுப்பே பத்த வைக்காம ஒரு இனிப்பு செய்யலாம்னா நம்புவீகளா? இத்தாலிக்கு வர்றவரைக்கும் நானும் நம்பல.

நான் வாடகைக்கு இருக்குற வீட்டு ஓனரம்மாதான் செஞ்சு காமிச்சாக. அதுக்கு முன்னாடி ஒரு கூத்து நடந்துச்சு. பெரியவுகளப் பாக்கப் போனா எலுமிச்சம்பழம் குடுக்குறது நம்ம பழக்கம்ல. குடியேறுன அன்னைக்கு மார்க்கெட்ல ஒண்ணு வாங்கி, ரெண்டு கையாலயும் பவ்யமா நீட்டுனேன். அந்தம்மா பழத்தப் பாத்தாக, என்னையப் பாத்தாக, நேரா கொல்லைக்குப் போயி அவுக மரத்துல காயி கொறையுதான்னு பாத்தாக. களவாணிப்பயன்னு முடிவே பண்ணிட்டாக. அரைகுறை இத்தாலியன்ல நான் வெளக்கி முடிக்க ஒரு வாரமாச்சு. வெளங்குனதும் ஒரே சிரிப்பு. அந்தப் பழத்துலயே லெமன் திராமிசுன்னு ஒரு இனிப்பு செஞ்சாக. எலுமிச்சை சக்கரத் தண்ணியில பிஸ்கட்ட முக்கி அடுக்கி, மேல வெண்ணெ மாதிரி ஒரு சீஸு, அதுக்கு மேல துருவுன தோலு. எப்ப அடுப்புல ஏத்தணும்னு கேட்டேன். ஃபிரிட்ஜப் பாத்து கைய காட்டுனாக. அம்புட்டுத்தான் சமையலே.

தொண்ணூத்தி ஏழுல லீவுக்கு அருப்புக்கோட்டை போனப்ப, வீட்ல இத செஞ்சு அசத்திரணும்னு ஒரு வெறி. அம்மா ஒரு கல்யாணத்துக்கு காரியாபட்டி போயிருந்தாக. அண்ணன் பாளையம்பட்டி கடையில. மதினி துணி தொவைக்கப் போயிட்டாக. அடுப்படி மொத்தமும் என் ராஜ்யம். அந்த சீஸுக்கு எங்க போக? தயிர வேட்டித் துணியில கட்டி ராத்திரியே தொங்கவிட்டு, காலைல பாலாடையப் போட்டு அடிச்சேன். பிஸ்கட்டுக்குப் பதிலா பேக்கரி ரஸ்க்கு. ஆனா எலுமிச்சையிலதான் சிக்கல். இத்தாலி பழத்துக்குத் தோலு மெத்தை மாதிரி இருக்கும். நம்மூரு பழம் பூராம் சாறு, தோலு காகிதம் கணக்கா. நாலு பழத்தத் துருவியும் ஒரு ஸ்பூன் தேறல. சாமி ரூம்ல தட்டுல ஒண்ணு இருந்துச்சு, குங்குமம் வச்சு. சாமி பழம்லாம் கடைசியில ஜூஸாத்தான போகும் எங்க வீட்ல? கழுவித் துருவிட்டேன்.

மதினி ஈரக்கையோட உள்ள வந்து, சாமி ரூம எட்டிப் பாத்து, திரும்ப வந்தாக.

"தம்பி, தட்டுல இருந்த பழம் எங்க?"

"இதுக்குள்ள இருக்கு மதினி."

"முழுசுமா?"

"கொட்டை மட்டும் குப்பையில கெடக்கு."

அப்பறந்தான் சொன்னாக. திருச்சுழிப் பக்கம் ஒரு அம்மன் கோயில்ல பிள்ளை வரத்துக்குக் குடுக்குற பழமாம். கல்யாணமாகி நாலு வருசம், இது மூணாவது பழம். அம்மாவே பஸ்ஸுல போயி வாங்கியாந்துருக்காக. பட்டினி கெடந்து, வெளக்கு வைக்கிறதுக்குள்ள தோலு, கொட்டையோட தின்னணும், வேற ஆளு வாயில ஒரு சொட்டு படக்கூடாது. இன்னொரு பழத்த வச்சு சமாளிச்சிரலாமான்னு கேட்டேன். மதினி குப்பையக் கிளறி ஒவ்வொரு கொட்டையா பொறுக்கிக் கழுவி முந்தியில முடிஞ்சுக்கிட்டாக. எந்தக் கொட்டை எந்தப் பழத்துதுன்னு தெரியாததால அஞ்சு பழத்துக் கொட்டையையும்.

"எப்ப திங்கலாம் இத?"

"நாலு மணி நேரம் ஆகணும் மதினி. ஆனா இது ஆறு பேருக்கு உள்ளது."

"பழம் என்னுது. அப்ப பாத்திரமும் என்னுதுதான்."

மூணு மணிக்கு அடுப்படித் தரையில உக்காந்து தின்ன ஆரம்பிச்சாக. பாதியில தெவட்டி மூச்சு வாங்குனாக, முந்தியில முடிஞ்ச கொட்டைய ஒவ்வொண்ணா தண்ணியோட முழுங்குனாக, மறுபடி கரண்டிய எடுத்தாக. போன ரெண்டு பழத்துக்கும் கசப்புல கண்ணுல தண்ணி வந்துருச்சு, இது தேவலன்னு சொன்னாக. சொல்லும்போதும் கண்ணுல தண்ணி இருந்துச்சு. வழிச்சு நக்குறவரைக்கும் நான் வாசல்ல காவல்.

அம்மா வந்து செருப்பக் கழட்டுறதுக்கு முன்னாடி கேட்ட மொதக் கேள்வி, பழம் தின்னாச்சா.

"தின்னுட்டேன் அத்தை. ஒரு சொட்டு விடல."

நான் ஊருக்கே செஞ்சு அசத்த வந்தவன், நக்கிக்கூடப் பாக்கல.

இங்க திரும்பி வந்ததும் ஓனரம்மா ஆசையா கேட்டாக, வீட்ல பிடிச்சுச்சான்னு. ஒரே ஆளு முழுப் பாத்திரத்தையும் தின்னுட்டாகன்னேன். அந்தம்மாவுக்குப் பெருமை தாங்கல. அன்னையிலருந்து ஞாயித்துக்கெழமையானா எனக்குன்னு தனியா ஒரு பாத்திரம் செஞ்சு வைக்கிறாக. ஊருக்குப் போன்ல பேசும்போது பழம் பலிச்சுச்சான்னு மதினியும் சொல்றதில்ல, நானும் கேக்குறதில்ல.

இன்னைக்கு ஞாயித்துக்கெழம. பாத்திரம் மேசையில இருக்கு, ஸ்பூன நான் இன்னும் எடுக்கல.