எட்டோடு நிறுத்தினேன்

குரும்பகரத்தில் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து முப்பது வருடம் உமி அடுப்பில் நெல் அவித்தேன். பீடி குடித்தவர் என் வீட்டுக்காரர். நுரையீரல் கெட்டது எனக்கு. அவர் கடைசிவரை மூச்சுக்கு ஒரு குறையுமில்லாமல் இருந்து, மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு கோவில்பத்துக்கு வந்து தனியாக இருக்கிறேன். மகன் மஸ்கட்டில். ஞாயிற்றுக்கிழமை போனில் சாப்பிட்டாயா என்று கேட்பான். சாப்பிட்டேன் என்பேன். அதோடு சரி.

போன வருடம் கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போவதற்குள்ளேயே இரைத்தது. நுரையீரலை இனிப் பழையபடி ஆக்க முடியாது என்றார் டாக்டர். ஆனால் உட்கார்ந்தே கிடந்து தொடைச் சதை வற்றிவிட்டதாம். அதற்கு வலு வந்தால் இருக்கிற மூச்சிலேயே இன்னும் கொஞ்சம் நடக்கலாமாம். நடந்து பயிற்சி செய்ய முடியாத என்னைப் போன்றவர்களுக்கு ஒரு கரண்டு மெஷின் உண்டு. பிசியோதெரபி செய்யும் பெண் ஒருத்தி அதை வாரத்தில் மூன்று நாள் ஸ்கூட்டரில் வீட்டுக்கே கொண்டுவந்தாள்.

முதல் நாள் புடவையைத் தொடைவரை ஏற்றச் சொன்னபோது கூசிப்போனேன். அவள் பாட்டுக்குக் காலைத் துடைத்து, பிளாஸ்திரி போன்ற நாலு பட்டைகளை ஒட்டி வயரைச் செருகினாள். எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுத்தது. பிறகு தொடை தானாகவே இறுகியது, விட்டது, மறுபடி இறுகியது. நான் சும்மா இருக்க என் கால் மட்டும் வேலை பார்ப்பதைக் கண்டு சிரித்துவிட்டேன். அவள் போன பிறகுதான், என் காலை இன்னொருவர் தொட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்தேன். அழுகை வந்தது.

மெஷின் அரை மணி நேரம் ஓடும். அதுவரை அவள் நகர முடியாது. அவள் தன் மாமியாரைப் பற்றிச் சொல்வாள். நான் ஊரில் உள்ள எல்லோரையும் பற்றிச் சொல்வேன். பேசிப் பேசியே இரைக்கும்.

"மெதுவா பேசுங்கம்மா, நான் எங்கயும் போயிடல" என்பாள்.

செவ்வாய், வியாழன், சனி மட்டும் தலையைப் பின்னிக்கொண்டு காத்திருப்பேன். மற்ற நாளில் யார் பார்க்கப் பின்னுவது?

ஆரம்பத்தில் அவள் என்னை நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காரச் சொல்லி, ஒரு நிமிடம் எண்ணினாள். ஏழு முறை எழுந்தேன். ஆறு வாரம் கழித்து மறுபடி எண்ணுவதாகச் சொன்னாள். ஐந்தாவது வாரம் நானே ரகசியமாக எழுந்து பார்த்தேன். பதினாலு. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் பயம் வந்தது. தேறிவிட்டவள் வீட்டுக்கு அவள் எதற்கு வரப்போகிறாள்?

அவள் மறுபடி எண்ணிய நாளில் எட்டோடு நிறுத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். நடிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அவள் எட்டு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். பிறகு வயரைச் சுருட்டினாள். பலன் தெரியாவிட்டால் மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். பலன் தெரிந்தவர்கள் நாலைந்து பேரை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி, வாரம் மூன்று நாள் அவளே நடக்க வைக்கப்போகிறாளாம்.

"ஒங்க பேரத்தான் மொதல்ல எழுதி வச்சிருந்தேங்க. பரவால்லம்மா, ஒடம்பு ஒத்துக்கலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். சரிம்மா என்று மட்டும் சொன்னேன்.

ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டதும் எழுந்தேன். கை ஊன்றவில்லை. கூடத்தைத் தாண்டி, இரண்டு படி இறங்கி, கேட் வரை போனேன். நடுவில் இரண்டு இடத்திலாவது நிற்காமல் நான் கடக்காத தூரம் அது. கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தபோது தெருவில் யாரும் இல்லை. எனக்கு இரைக்கவும் இல்லை.

போனில் கூப்பிட்டு உண்மையைச் சொல்லலாம்தான். நீ வரவேண்டும் என்பதற்காக நோயாளியாக இருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

இன்று செவ்வாய்க்கிழமை. தலையைப் பின்னிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நாற்காலியில் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். பதினெட்டு வந்தது. எண்ணியதும் நான்தான்.