அப்பாசியா, நான்காம் மாடி

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குக் குவைத்தில் இறங்கினேன். சென்னையிலிருந்து நாலரை மணி நேரம். சால்மியாவில் இருந்த ஓட்டலுக்கு டாக்சிக்காரர் ஆறு தினார் கேட்டு ஐந்துக்கு ஒப்புக்கொண்டார். புதுக்கோட்டைக்காரர்.

"என்ன விஷயமா வந்தீங்க மேடம்?"

"குழந்தைகள் நலப் பணியாளர் மாநாட்டுக்கு."

"இங்க ஏது மேடம் குழந்தைங்க? எங்க கேம்ப்ல அத்தனையும் ஆம்பளைங்க. என் பொண்ணையே நான் போன்லதான் வளர்க்கிறேன்" என்றார்.

விழுப்புரம் மாவட்டத்தில் பதினோரு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள், செங்கல் சூளைப் பிள்ளைகள், அவசரக் கல்யாணத்துக்கு நாள் குறிக்கப்பட்ட பிள்ளைகள் என்று வீடு வீடாகப் போவது என் வேலை. மாநாடு ஆண்டுக்கு ஓர் ஊரில் நடக்கும். இந்த முறை குவைத்தில் மூன்று நாள். சனிக்கிழமை காலை நான் பேச வேண்டியிருந்தது. எனக்குக் கொடுத்த தலைப்பு: குடும்பத்துடன் முதல் சந்திப்பு.

முதல் நாள் தேநீர் இடைவேளையில் ஜெஸ்லின் வந்து அறிமுகம் செய்துகொண்டார். குளச்சல்காரர், இங்கே நர்ஸ். டூட்டி இல்லாத நேரத்தில் அப்பாசியா என்ற பகுதியில் கஷ்டப்படும் பிள்ளைகளைப் போய்ப் பார்க்கிறார்.

"அக்கா, நீங்க விழுப்புரமா? அந்தப் பக்கத்துக்காரி ஒருத்தி இருக்கா. ஏழு வயசுல பொம்பளப் பிள்ள உண்டு. எட்டு மாசமாட்டு நான் போயிட்டு வாறேன். இப்பம்தான் கொஞ்சம் மனசு இறங்கியிருக்கா. உங்க ஊர்ப் பேச்சக் கேட்டா இன்னும் தைரியம் வரும்."

அந்தப் பெண்ணை அஞ்சலை என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மைப் பெயர் வேறு. வீட்டு வேலைக்கு வந்தவள், அடி தாங்காமல் விசா கொடுத்த முதலாளியான கபீலின் வீட்டை விட்டு ஓடியவள். அன்றோடு அக்காமா, அதாவது தங்கும் அனுமதி, போயிற்று. குழந்தை அவள் ஒளிந்திருந்த அறையிலேயே பிறந்தது. அதன் தகப்பன், ஒரு டிரைவர், அதற்கு முன்பே பிடிபட்டு நாடு கடத்தப்பட்டிருந்தான். பிறப்புச் சான்று இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, தடுப்பூசிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே வேலை நாள்; அன்று இந்தியத் தூதரகத்துக்கு வந்தால், தாய்க்கும் மகளுக்கும் ஊர் திரும்பக் காகிதம் வாங்கித் தர ஒரு வக்கீல் காத்திருந்தார். அஞ்சலை அரை மனதாகச் சம்மதித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஜெஸ்லினுடன் போனேன். சால்மியாவிலிருந்து இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அப்பாசியாவில் தெருவெல்லாம் மலையாளமும் தமிழும். மளிகைக் கடை வாசலில் கறிவேப்பிலைக் கட்டு நூறு ஃபில்ஸ். சாக்கடைத் தண்ணீரைத் தாண்டி நான்காம் மாடிக்கு ஏறினோம். ஒரே ஃபிளாட்டைப் பலகை வைத்து ஐந்து அறைகளாகத் தடுத்திருந்தார்கள்.

ஜெஸ்லின் தட்டினார். அஞ்சலை திறந்தாள். அறையில் குழந்தையைக் காணவில்லை.

"பவி, நர்ஸக்காதான். வா" என்றாள் அஞ்சலை. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சிறுமி ஊர்ந்து வந்தாள். கதவு தட்டினால் யாரும் சொல்லாமலே அங்கே போய்விடுவாளாம். வெயில் படாத வெளுப்பு. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயது உடம்பு.

"நீங்க மஞ்ச பஸ்லயா வந்தீங்க?" என்று கேட்டாள். ஜன்னலிலிருந்து அவளுக்குத் தெரிவது பள்ளிப் பேருந்துகள்தான்.

அஞ்சலை தேநீர் ஊற்றினாள். என் பேச்சைக் கேட்டு அவள் முகம் மலர்ந்தது. "நம்ம பக்கத்து ஆளு மாதிரியே பேசுறீங்கக்கா. விழுப்புரம் பக்கங்க்கா நான்."

"அங்க எந்த ஊரு?"

சொன்னாள். அதை இங்கே எழுதவில்லை.

"அடடே, அந்த ஊரா? அங்க அங்கன்வாடி டீச்சர் எனக்கு நல்லாத் தெரியும். மாசம் ஒரு தடவ வருவனே" என்றேன்.

ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். ஊர் நினைப்பு என்று எடுத்துக்கொண்டேன். புறப்படும்போது, "ஞாயித்துக்கிழம வந்துருவல்ல?" என்று கேட்டேன். "வரேங்க்கா" என்றாள்.

சனிக்கிழமை பத்தரைக்கு மேடையேறி நாற்பது நிமிடம் பேசினேன். நம்பிக்கையைச் சம்பாதிப்பது பற்றி நிறையச் சொன்னேன். நல்ல கைதட்டல்.

இரண்டு மணிக்கு ஜெஸ்லின் அப்பாசியாவிலிருந்து போன் செய்தார். அஞ்சலையின் அறை காலி.

டாக்சி பிடித்து ஓடினேன். தாயும் மகளும் படுத்த மெத்தைகூட இல்லை. அடுத்த தடுப்பில் இருந்த இலங்கைப் பெண் கதவைப் பாதி திறந்து நின்று பேசினார்.

"விடிய முன்னமே போயிட்டா. எங்க எண்டு எங்களுக்குத் தெரியாது."

"ஏங்க? நேத்து நல்லாத்தான பேசினாங்க?"

"நீங்கதானே ஊர்ப் பெயர் கேட்டது? அவவுக்கு அங்க புருசன் இருக்கிறார், ரெண்டு பிள்ளையளும். இந்தப் பிள்ளை இருக்கிறது அங்க ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க மாசாமாசம் அங்க போறனீங்கள் எண்டு சொன்ன பிறகு அவ சாப்பிடவும் இல்லை."

ஜெஸ்லினுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஊர்ப் பெயர் கேட்டது என் வாய். பதினோரு வருடமாக எந்த வீட்டிலும் பேச்சைத் தொடங்க நான் கேட்கும் கேள்வி அது.

ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்துக்கு ஜெஸ்லினே வந்தார்.

"எம்மேல கோபமா?" என்று கேட்டேன்.

"உங்களக் கூட்டிட்டுப் போனது நான்தான. கோபப்பட்டு என்ன செய்ய? அப்பாசியாவுக்குப் பக்கத்துல ஹசாவியில ரெண்டு மூணு கடைக்காரங்களத் தெரியும். சின்னப் பிள்ளைக்க சாமான் புதுசா யாரு வாங்குகான்னு கேக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "தூதரகத்துல வக்கீல் பத்து மணி வரைக்கும் நின்னிருக்காரு" என்றார்.

நான்கு மாதம் ஆகிறது. கடைக்காரர்கள் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் மாவட்டத்தில் ஒரு பிள்ளை தொலைந்தால் அங்கன்வாடி நோட்டு, பள்ளி வருகைப் பதிவு, ரேஷன் அட்டை என்று எதிலாவது பெயர் இருக்கும். அதை வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போவேன். பவி எதிலும் இல்லை. காணவில்லை என்று எழுதிக் கொடுக்கக்கூட அவள் முதலில் இருந்தாள் என்று காட்ட வேண்டும். அதற்கு என்னிடமும் ஜெஸ்லினிடமும் எந்தக் காகிதமும் கிடையாது. அஞ்சலையின் அந்த ஊருக்கு மாதம் ஒரு முறை போய் வருகிறேன். அங்கே யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.