ஆத்துக்குள்ள வளந்த பதினோரு அடி

வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்றவருக்குத் தெருவுல வெச்ச பேரு ட்ரம்மு. அவரு தொப்பையைப் பாத்து வெச்சதுன்னு பொண்டாட்டி சொல்லும். வீட்டுக்குப் பின்னாடி கெடக்குற ட்ரம்மைப் பாத்து வெச்சதுன்னு அவரு சொல்லுவாரு. ரெண்டையும் பாத்தவங்க யாருக்கும் தீர்ப்பு சொல்ல முடியல.

வீடு ஆத்தங்கரையில. வருசா வருசம் வெள்ளம் வந்து ஒரு வாய் மண்ணைக் கடிச்சிட்டுப் போகும். இவரு விடுவாரா? செத்த மெஷின்லருந்து ட்ரம்மைக் கழட்டி, கல்லும் மண்ணும் அடைச்சு, கரையில வரிசையா நட்டுருவாரு. இருபது வருசத்துல போன மண்ணு திரும்பி வந்துச்சு. அதோட நிக்காம ஆத்துக்குள்ளயும் பதினோரு அடி வளந்துருச்சு. "இன்னும் பத்து வருசம் விடுங்க, எதிர்க்கரைக்காரனுக்கு நம்ம ஜன்னல் வழியாவே உப்பு குடுக்கலாம்"னு பீத்திக்குவாரு.

நோட்டீஸ் வந்த அன்னிக்கு அந்த வாய் அடைச்சுப்போச்சு. ஆத்தோரமா ஊருக்கே பொதுவா பூங்கா கட்டப் போறாங்களாம். இந்த வரிசையில பத்து வீட்டையும் எடுக்குறாங்க. நல்லா நிக்கிற வீட்டுக்கு மாத்து வீடு, நிலத்துக்குப் பணம். திங்கக்கிழமை காலையில அளக்க வர்றாங்க.

பத்திரத்துல நாப்பது அடி. சமையல்கட்டோட பின்சுவர் வரைக்கும் அது சரியா வரும். அதுக்குப் பின்னாடி இருக்குற பதினோரு அடி பத்திரத்துல கெடையாது.

"ஆத்தைத் திருடுனான்னு என்னை உள்ள போட்டுருவாங்கடி."

"ஆத்தைத் திருடி எங்கய்யா ஒளிச்சு வெச்சே? மெத்தைக்கு அடியிலயா?"

"சிரிக்காதடி. திங்கக்கிழமை வந்தா தெரியும்."

மூணு நாளா சோறு எறங்கல. தெருவுல பைக் சத்தம் கேட்டாலே கதவுக்குப் பின்னாடி போயி நின்னுக்குவாரு, தொப்பை மட்டும் வெளியே தெரியும்.

திங்கக்கிழமை விடிஞ்சதும் கடப்பாரையை எடுத்தாரு. ட்ரம்மை உருவிட்டா ஆறு தன் மண்ணைத் தானே எடுத்துக்கும், யாருக்கும் தெரியாதுன்னு கணக்கு. நாலு ட்ரம்முதான் உருவுனாரு. அஞ்சாவதைத் தொடவே இல்ல. காலுக்குக் கீழ மண்ணு பொதக்குன்னு எறங்குச்சு. பதினோரு அடியில ஏழெட்டு அடி ஒரே மூச்சுல ஆத்துக்குள்ள போச்சு. அப்புறம் வீட்டுக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம். சமையல்கட்டுச் சுவர்ல, தரையிலருந்து கூரை வரைக்கும், கை நுழையுற அளவுக்கு வெடிப்பு.

"வெளிய வாடி!"ன்னு அவரு கத்துன கத்தல்ல எதிர்க்கரை நாயெல்லாம் ஓடிருச்சு.

சர்வேயரம்மா டேப்போட உள்ள வந்தப்போ ரெண்டு பேரும் வாசல்ல நின்னாங்க. அந்தம்மா வெடிப்பைப் பாத்தாங்க. பேனாவைத் திறந்தாங்க.

"இது விழப்போற கட்டடம்ண்ணே. இதுக்கு மாத்து வீடு வராது. நிலத்துக்கு மட்டும்தான் எழுதுவேன்."

"மேடம், நேத்து வரைக்கும் கல்லு மாதிரி நின்ன சுவரு!"

"அப்ப இன்னிக்கு என்ன ஆச்சு?"

பேசாம இருந்தா வீடு போகும். பேசுனா ஆத்தை ரொப்புனது வெளிய வரும். பொண்டாட்டியைப் பாத்தாரு. அது சேலையில ஒட்டுன சுண்ணாம்பைக்கூடத் தட்டாம அப்படியே நின்னுச்சு.

"நான்தான் மேடம்"னாரு. "இருபது வருசமா ட்ரம்மு நட்டு ஆத்தை ரொப்புனேன். பயந்துபோயி காலையில நான்தான் உருவுனேன். அதுலதான் சுவரு வெடிச்சுது."

அந்தம்மா கரைக்குப் போயி எட்டிப் பாத்துட்டு வந்தாங்க. அவரு சொன்னதை ஒரு வரி விடாம எழுதி நீட்டுனாங்க. "கையெழுத்துப் போடுங்க. என்ன பண்றதுன்னு பெரிய ஆபீசுல முடிவு பண்ணுவாங்க."

"வீடு குடுப்பாங்களா மேடம்?"

"தெரியலண்ணே."

"உள்ள போடுவாங்களா?"

"அதுவும் தெரியல."

அவரு போட்ட கையெழுத்து எறும்பு ஓடுன மாதிரி இருந்துச்சு. அந்தம்மா அடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்க. பின்னாடி மண்ணு இன்னும் கொஞ்சம் கொஞ்சமா தண்ணியில விழுற சத்தம் கேட்டுச்சு.

"என்னைப் புடிச்சிட்டுப் போயிருவாங்களாடி?"

பொண்டாட்டி அடுப்பைத் தூக்கி முன்ரூமுல வெச்சுச்சு. இந்தத் தடவை கிண்டல் பண்ணல. அப்பத்தான் அவருக்கு நெசமாவே பயம் வந்துச்சு.