உப்புத் தண்ணீரில் கழுவிய வண்டி

என் வீட்டுக்காரர் ஒச்சப்பன் மட்டாஞ்சேரியில் டாக்சி ஓட்டினார். ஸ்டாண்டில் பத்துப் பன்னிரண்டு அம்பாசிடர் நிற்கும். இவர் வண்டியில் மட்டும்தான் முகம் பார்த்துத் தலை சீவலாம். விடிந்ததும் வாளியோடு இறங்குவார். கூரையில் தொடங்கி, சக்கரத்துக்கு மேலே, வண்டிக்கு அடியில் என்று வீசி வீசி அடித்துக் கழுவிய பிறகுதான் சாயா.

அது எங்கள் கிணற்றுத் தண்ணீர். எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் உப்பு. குடிக்கிற தண்ணீர் தெருக்குழாயில் ஒரு மணி நேரம் வரும், இரண்டு குடம் பிடிப்பேன், அவ்வளவுதான். ஒரு நாள் அந்தக் குடத்தின் மேல் கை வைத்தார்.

“சந்தனம், வண்டிக்கு ரெண்டு குடம் நல்ல தண்ணி தா.”

“ஏன், உங்க வண்டி கஞ்சி குடிக்கப் போவுதா? கிணத்துல இறைச்சு ஊத்துங்க.”

சொன்னது நான்தான். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் மழை ஓய்ந்த சமயம், பிரேக் மிதி தாழ ஆரம்பித்தது. ஆயில் குறைந்திருக்கும், ஊற்றுவார். நாலு நாளில் மறுபடி குறையும், மறுபடி ஊற்றுவார். ஒரு மிதிக்கு நிற்காத வண்டி மூன்று மிதிக்கு நின்றது. “அதோட தாளம் எனக்குத் தெரியும்” என்று பெருமை வேறு.

நான் பிடிவாதம் பிடித்துத் தோப்பும்படிக்கு, அப்பு மேஸ்திரியின் பட்டறைக்கு, கூடவே போனேன். அப்பு வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தபோது விரலெல்லாம் துரு.

“ஒச்சப்பண்ணே, ஆயில் ஊத்தினீங்க, சரி. அது எங்க போவுதுன்னு பாத்தீங்களா? பிரேக் பைப்பு தொட்டா உதிருது. எந்தத் தண்ணில கழுவுறீங்க?”

“கிணத்துத் தண்ணிதான்.”

“பின்னே! உப்பு அரிச்சுடுச்சு. மேல கண்ணாடி, கீழ கருவாடு. ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க. ஒரு எடத்துல பொத்துக்கிட்டா நாலு சக்கரத்துக்கும் பிரேக் கெடையாது.”

“ஓணம் கழியட்டும் அப்பு. அஞ்சு நாள்தானே. சவாரி கெடைக்கிற நேரம்.”

“ஹேண்ட் பிரேக்காவது பிடிக்குதா?”

“அத யாரு தொட்டா? நிறுத்தினா சக்கரத்துக்கு ஒரு கல்லு வெச்சுக்குவேன்.”

அப்பு என் பக்கம் திரும்பினான். “அக்கா, நீங்களாவது சொல்லுங்க.”

எனக்கு நான் கொடுக்காத குடம்தான் ஞாபகம் வந்தது. போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

ஓணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்று காலை பத்து மணி. காயல் மேலிருக்கும் பாலத்திலிருந்து தோப்பும்படிப் பக்கம் இறங்கும்போது பிரேக்கை மிதித்திருக்கிறார். முதல் மிதி தரையோடு போனது. இரண்டாவதும் போனது, மூன்றாவதும் போனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் சும்மா கையோடு வந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கினார். சனங்கள் சிதறி ஓடினார்கள். தலையில் மீன் கூடையோடு நடந்த மாயம்மாளால் மட்டும் சட்டென்று திரும்ப முடியவில்லை. அவளை அடித்த பிறகுதான் வண்டி சுவரில் மோதி நின்றது. எங்கள் வாசலில் தினமும் கூடை இறக்கி வைத்து, “சந்தனம், இன்னிக்கு மத்தி எடு, இப்பதான் கரைக்கு வந்துது” என்பவள். ஆசுபத்திரியில் சாயங்காலம் வரைக்கும்தான் உயிர் இருந்தது.

கேஸ் நடந்து, உள்ளே இருந்துவிட்டு வந்தார். பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஆனாலும் எண்பத்தேழில் கண் மூடும் வரை தினமும் ஸ்டாண்டுக்குப் போய், டார்ச்சோடு மற்றவர்கள் வண்டிக்கு அடியில் படுத்து பிரேக் பைப்பைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இன்னிக்கு யாருக்கு நாள் குறிக்க வந்தீரு?” என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள்.

“மொதல் மிதியில நிக்குதா? அத மட்டும் சொல்லு. நிக்கலேன்னா ஸ்டாண்ட விட்டு எடுக்காதே” என்பார். சிலர் படுத்திருக்கும்போதே காலால் தள்ளுவார்கள். எழுந்து அடுத்த வண்டிக்குப் போவார்.

கிணற்றில் இறைத்து ஊற்றச் சொன்னது நான் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூடச் சொல்லிக் காட்டவில்லை. ஜெயிலிலிருந்து வந்த மறுநாள் காலையில் குடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார், அவ்வளவுதான்.

“ஸ்டாண்டு வண்டிங்களுக்குக் கீழ கழுவணும், சந்தனம்.”

இரண்டு குடத்தையும் எடுத்துக் கொடுத்தேன். அன்று உலை வைக்க வீட்டில் தண்ணீர் இல்லை.