மலர் கிராஃபிக்ஸ் துலக்கிய முகம்

குடவாசல் கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது மலர் கிராஃபிக்ஸ். கல்யாண ஆல்பம், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கட்சிக்காரர்களின் பிறந்தநாள் வாழ்த்து என்று இந்தப் பக்கத்துச் சுவர்களில் தொங்கும் முகங்களில் பாதி அங்கேதான் தயாராகின்றன. நடத்துகிறவள் மலர்க்கொடி. ஊருக்குள் அவள் அம்சம் மகள். குடவாசலில் ‘மலர் மேடம்’. அந்த மேடம் பட்டம் ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை.

அப்பா மருதையன் பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா அம்சம் நடவு, களை, அறுப்பு என்று சேற்றிலேயே நின்று மலர்க்கொடியையும் தம்பி பரிதியையும் ஆளாக்கினாள். ஒரு சம்பா அறுப்பில் தலையிலிருந்து நெல்லுக்கட்டை இறக்கும்போது தோடு சிக்கி இடது காது இரண்டாகக் கிழிந்துபோனது. அதைத் தைக்க எங்கே நேரம்? மறுநாளும் அறுப்பு இருந்தது. முன்பல் வேறு கொஞ்சம் எடுப்பு. யாராவது போனைத் தூக்கினால் போதும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அவள் முகம் முழுசாக விழுந்த படம் என்று வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. ஊர் முகத்தையெல்லாம் படம் போட்டுக் கொடுக்கிறவள் வீட்டில் இப்படி.

மலர்க்கொடி பாலிடெக்னிக் முடித்து, கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் இன்னொருத்தருக்கு உழைத்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டாள். ஆரம்பத்தில் வைத்திருந்தது ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். மாப்பிள்ளை கன்னத்தில் ஒரு பருவை எடுக்கச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வந்தாலும் அது யோசித்துக்கொண்டே இருக்கும். சீசன் நேரத்தில் பெண் வீட்டார் வந்து தலைமேல் நிற்பார்கள். ஒரு நாள் வெறுத்துப்போய் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினாள்.

அங்கே கம்ப்யூட்டர் பாகம் பாகமாக வாங்கி மாட்டித் தருகிறவன் டேவிட்சன், தரங்கம்பாடிக்காரப் பையன். வாய் ஓயாது. முன்னெல்லாம் கிராஃபிக்ஸ் கார்டைக் கேட்டு வருகிறவர்கள் கேம் ஆடுகிற பிள்ளைகள்தான், பின்னாலேயே அவர்களைத் திட்டிக்கொண்டு அப்பாக்கள் வருவார்கள் என்றான். இப்போது ஆல்பம் போடுகிறவர், யூடியூப்காரர், வீட்டுப் பிளான் வரைகிறவர், காலேஜ் பிள்ளைகள் என்று எல்லோரும் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பதே கார்டைத்தானாம். “இனிமே கம்ப்யூட்டருக்கு மூளையே இதுதான்க்கா, மத்ததெல்லாம் சும்மா தலையாட்டும்” என்று சொல்லி, செங்கல் கனத்தில் ஒரு கார்டை உள்ளே பொருத்திக் கொடுத்தான்.

சும்மா சொல்லக்கூடாது, அது வந்த பிறகு கடையே மாறிப்போனது. விசிறிகள் உறுமும், அறை சூடாகும், கரண்டு பில் எகிறும். ஆனால் ரேஷன் கார்டில் தேய்ந்துபோன நகத்தளவு முகத்தைக் கொடுத்தாலும் கண்ணிமை, உதடு, தலைமயிர் என்று ஒவ்வொன்றாக எடுத்து ஆள் உயரத்துக்கு நிறுத்திவிடும். நெட்டுகூட வேண்டாம், எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே நடக்கும். சுற்றுவட்டாரத்தில் படத்திறப்பு என்றால் எல்லோரும் மலர் கிராஃபிக்ஸ் மாடிப்படி ஏறினார்கள். ‘துலக்கித் தாங்க’ என்பார்கள். பித்தளைக் குடத்தைச் சொல்வதுபோல முகத்தையும் அப்படித்தான் சொன்னார்கள்.

படத்தில் இல்லாததை இது எங்கிருந்து கொண்டுவருகிறது என்று மலர்க்கொடிக்கே ஒருமுறை சந்தேகம் வந்தது. டேவிட்சனைக் கேட்டாள். லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகிய புரோகிராம் அது, தெரியாத இடத்தில் ‘இப்படித்தான் இருக்கும்’ என்று தானாகப் போட்டுக்கொள்ளும், அந்தக் கணக்கை மூச்சு விடாமல் போடுவதுதான் கார்டின் வேலை என்றான். யாருடைய முகங்கள் என்று அவள் கேட்கவில்லை. வெயிலில் குனிந்து நாற்று நட்டவர்கள் அதில் நிறையப் பேர் இருந்திருக்க மாட்டார்கள். துலக்கி வந்த முகங்கள் எல்லாம் ஒரு சுற்று வெளுத்து, பல் வரிசையாகி, கன்னத்துப் பள்ளம் நிரம்பித்தான் வந்தன. யாராவது ஒருத்தர் குறை சொல்ல வேண்டுமே? சாவு வீட்டில் யார் சொல்வார்? ‘அப்பா மகராசன் மாதிரி இருக்காரு’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிப்போனார்கள். கழுத்தில் ஒரு சங்கிலியும் சேர்த்துப் போடச் சொன்னவர்கள் உண்டு. மலர்க்கொடியும் சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்தாள்.

பரிதி கல்யாணத்துக்கு மண்டப வாசலில் வைத்த பேனரில் அம்சத்தையும் இப்படித்தான் துலக்கினாள். முந்தானை விலகிய நொடியில் கிடைத்த ஒரு மங்கல் படம். மீதியைக் கார்டு பார்த்துக்கொண்டது. அரக்குப் பட்டு, நிறைந்த கன்னம், வரிசைப் பல், இரண்டு காதிலும் தோடு. அம்சத்துக்குப் பெருமை தாங்கவில்லை. வந்த சனத்தையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். ஆல்பமும் மொத்தமாகத் துலக்கப்பட்டது. இடம் அடைக்கிறதென்று துலக்காத பழைய படங்களை மலர்க்கொடி அழித்துவிட்டாள். எல்லா ஸ்டுடியோவிலும் அதுதான் வழக்கம்.

கல்யாணத்துக்குப் பிறகு அம்சத்துக்கு ஞாபகம் பிசக ஆரம்பித்தது. அடுப்பில் உலையை வைத்துவிட்டு அடுப்பையே மறந்தாள். பரிதியைப் பார்த்து மருதையன் என்று கூப்பிட்டாள். விடிந்தால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நடவுக்கு நேரமாச்சு என்று கிளம்புவாள். வயலில் இப்போது மிஷின் நடுகிறது, யார் சொல்லி என்ன? தெருமுனை வரை போனவளை ஈஸ்வரி அத்தை கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். ஈஸ்வரியும் அம்சமும் ஒரே நடவு செட்டில் வாழ்நாளெல்லாம் பக்கத்துப் பக்கத்தில் குனிந்தவர்கள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை அம்சம் தெருமுனையைத் தாண்டிப் போய்விட்டாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசில்லை. நல்ல விஷயம்தான், அந்த பஸ்ஸில்தான் மலர்க்கொடியே வாடிக்கைக்காரர்களைப் பார்க்க, பொருள் வாங்க என்று போய்வந்தாள். ஆனால் எங்கே போகிறோம் என்று தெரியாத ஒருத்தி ஏறி உட்கார்ந்தால் நிறுத்திக் கேட்க ஆளில்லை. ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறினால் இந்த ஜில்லாவே அவளுக்குத் திறந்து கிடக்கிறது.

போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். காது கிழிந்தது, வலது கையில் தேள் பச்சை குத்தியிருப்பது எல்லாம் மலர்க்கொடி அங்கே சொன்னாள். ஆதார் நகலில் அம்சத்தின் முகம் கரித்துண்டாகத் தெரிந்தது. போஸ்டருக்குப் படம் வேண்டும். மலர்க்கொடி கடைக்கு ஓடினாள். கையில் இருந்ததில் தெளிவானது கல்யாணப் பேனர் படம்தான். அதையே எடுத்து இன்னொரு முறை கார்டில் ஏற்றித் துலக்கினாள். பெரிதாக, பளிச்சென்று வந்தது. மேலே சிவப்பில் ‘காணவில்லை’. கீழே பெயர், வயது, போன் நம்பர். காது அறுந்திருக்கும் என்று எழுதத்தான் கை போனது. மேலே படத்தில் காது முழுசாகத் தோட்டோடு இருக்கிறதே, ஒன்றுக்கொன்று ஒட்டாதே என்று விட்டுவிட்டாள். தேள் பச்சையும் அதோடு விடுபட்டது.

பிரிண்ட் ஆகி வந்ததை ஈஸ்வரி வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“நம்ம அம்சம் மாதிரி இல்லையே மலரு. காது எங்க?”

“நாலு பேரு பாக்குறது அத்தை. கந்தலா ஒரு படத்தப் போட்டா யாரு நின்னு பாப்பா? நல்ல குடும்பத்து அம்மான்னு தெரிஞ்சாதான் போன் பண்ணுவாங்க.”

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஏழைப் பொம்பளை ஒருத்தி தொலைந்தால் இந்த ஊர் எவ்வளவு பதறும் என்று அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அம்மாவை நாலு பேர் மதித்துத் தேட வேண்டும் என்றுதான் நினைத்தாள். தவிர, அவளுக்கு அந்தப் படத்தில் அம்மா தெரிந்தாள். பெற்ற மகளுக்குத் தெரியாமல் போகுமா? அவள் மனசே மீதியை நிரப்பிக்கொண்டது. ஈஸ்வரி, படித்த பிள்ளைக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டு பசை வாளியைத் தூக்கினாள்.

கும்பகோணம், நாச்சியார்கோவில், திருவாரூர், மாயவரம், திருவிடைமருதூர் என்று பரிதியும் மலர்க்கொடியும் மழையில் நனைந்துகொண்டே ஒட்டினார்கள். போன் வராமல் இல்லை. வந்ததெல்லாம் வேறு யாரோ. மாயவரத்தில் ஒருத்தர், ரிட்டயர்டு டீச்சர் ஒருவரை பஸ் ஸ்டாண்டிலேயே மடக்கி உட்காரவைத்துக்கொண்டு போன் செய்தார். அந்த அம்மாள் போனைப் பிடுங்கி மலர்க்கொடியை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். திருவாரூரிலிருந்து வந்த போட்டோவில் நகைக்கடையில் நின்ற யாரோ ஒரு பெண்மணி. பட்டும் பல்வரிசையுமாக இருந்த எல்லா அம்மாக்களையும் ஜனங்கள் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். ஏன் இப்படி என்று நிதானித்து யோசித்திருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். பாவம், அவளுக்கு அப்போது நிதானம் எங்கே இருந்தது? இன்னும் நிறையப் போஸ்டர் அடித்தாள்.

மழை விட்ட பிறகு போலீசிலிருந்து கூப்பிட்டார்கள். திருவிடைமருதூரில் ரோட்டோரம் காய்ச்சலில் கிடந்த ஒரு வயசான அம்மாவை ஆம்புலன்சில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பிழைக்கவில்லை. கையில் தேள் பச்சை இருப்பதால் ஒரு தடவை வந்து பார்த்துவிடுங்கள் என்றார்கள். அடையாளத்துக்கு எடுத்த படத்தையும் போனில் அனுப்பினார்கள். மலர்க்கொடி அதைத் திறந்தாள். எடுப்புப் பல், பள்ளம் விழுந்த கன்னம், கிழிந்த காது. சந்தேகமே இல்லை.

காரியங்கள் முடிந்தன. படத்திறப்புக்குப் பேனர் படத்தையே வைத்துவிடலாம் என்றான் பரிதி. மலர்க்கொடி கடையைத் திறக்கவில்லை. ஊர் ஊராகப் போய் ஒட்டிய போஸ்டர்களைக் கிழிக்க ஆரம்பித்தாள். யாரும் அவளை அந்த வேலைக்குப் போகச் சொல்லவில்லை. இருந்தாலும் அம்மா இல்லாத பிறகு ‘காணவில்லை’ என்று சுவரில் அது சிரித்துக்கொண்டு நிற்பதை அவளால் தாங்க முடியவில்லை.

திருவிடைமருதூர் பஸ் நிறுத்தத்தில் ஒரு டீக்கடையின் தகரக் கதவில் ஒன்று ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டும்போது கடைக்காரி எட்டிப் பார்த்தாள். கமருன்னிஸா என்று பெயர், கணவர் இறந்த பிறகு தனியாகக் கடையை நடத்துகிறவள்.

“அம்மா கெடச்சுட்டாங்களா?”

மலர்க்கொடி தலையை மட்டும் ஆட்டினாள். கமருன்னிஸாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அல்லா கண்ணைத் திறந்தான் என்றாள், உட்காரச் சொன்னாள், கேட்காமலே டீ போட்டாள். போட்டுக்கொண்டே பேசினாள். இந்தப் போஸ்டரைத் தான் தினமும் பார்ப்பதாகவும், பஸ்ஸில் இறங்குகிற அம்மாக்களை எல்லாம் ஒரு தடவை உற்றுப் பார்ப்பதாகவும் சொன்னாள். இங்கேயே ஒரு பாவப்பட்ட அம்மா திரிந்ததாம். தர்மாம்பாள் என்று பெயர் சொன்னதாம். போக இடமில்லாமல் கடை ஓரத்திலேயே படுத்துக் கிடந்ததாம்.

தர்மாம்பாள் அம்சத்தைப் பெற்றவளின் பெயர். மலர்க்கொடி டீயைக் கீழே வைத்தாள்.

“அது இந்தப் படத்துக்கு முன்னாடியே நிக்கும்மா. யாரு பெத்த புள்ளைங்களோ, இப்படித் தேடுதுங்களே, சீக்கிரம் கெடைக்கட்டும்னு சொல்லும். அது இருந்திருந்தா இன்னைக்கு ரொம்ப சந்தோசப்பட்டிருக்கும். போன மழையில காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க, அதோட போயிடுச்சு. தேடி வர ஒரு நாதியில்ல பாருங்க.”

“என்ன சாப்பிட்டாங்க?” என்று கேட்டாள் மலர்க்கொடி.

“யாரு?”

“அந்த அம்மா.”

டீயில் பன்னை நனைத்துத் தருவேன், அதுதான் இறங்கும் என்றாள் கமருன்னிஸா. தினமும் கொடுத்தீர்களா என்று மலர்க்கொடி கேட்டாள். கடை திறந்த நாளெல்லாம் கொடுத்தேன் என்றாள் அவள். அப்புறம்தான் வந்தவளின் முகத்தைக் கவனித்தாள். என்னம்மா, ஏன் இப்படி அழுகிறீர்கள் என்று பதறி வெளியே வந்தாள்.

“அவங்கதான்க்கா எங்கம்மா.”

கமருன்னிஸா அவள் கையில் பாதி கிழிந்து கிடந்த போஸ்டரைப் பார்த்தாள். பட்டுப்புடவையையும் தோட்டையும் பார்த்தாள். பிறகு, சித்தம் கலங்கியவர்களிடம் பேசுவதுபோலத் தணிந்த குரலில் சொன்னாள். “இல்லம்மா. நீங்க மனசு ஒடஞ்சு என்னமோ சொல்றீங்க. நான் ரெண்டு மொகத்தையும் தெனம் பாத்தவ. ஒரு நாளு இல்ல ஒரு நாளு எனக்குத் தோணியிருக்காதா? அது வேற, இது வேற.”

அவளை நம்பவைக்க மலர்க்கொடியிடம் வேறு படம் ஏதும் இல்லை. கல்யாணம், பேனர், ஆல்பம், எதை எடுத்தாலும் இந்த முகம்தான். கடைசியில் போனைத் திறந்து போலீசார் அனுப்பியதைக் காட்டினாள்.

கமருன்னிஸா முந்தானையால் கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

“ஆமாம்மா. இவங்கதான்” என்றாள்.