சசி அண்ணன் பேர் இருக்கிற பக்கங்கள்

அந்தச் செய்தி எனக்கு ஒரு கமெண்ட்டா வந்துச்சு. அதுவும் நான் போட்ட கமெண்ட்டுக்கு நேர் கீழ.

சசி அண்ணன் எழுதுன திங்காட் சாஃப்ட்வேரோட புது வெர்ஷன் எப்ப வரும்னு நான் கேட்டிருந்தேன். எல்லாரும் படிக்கிற எடத்துல. "அண்ணே, எனி அப்டேட்? ஒரு வாரமா ஆளையே காணோம். முடியலன்னா வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க." கூடவே தூங்கி விழற பூனை படம் ஒன்னு. மூணு பேரு அதுக்குச் சிரிச்சிருந்தாங்க.

மறுநாள் மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸ்ல நான் வேல செய்யற கடையில ஒருத்தரோட போன் ஸ்க்ரீன கழட்டிக்கிட்டு இருந்தேன். சசி அண்ணன் அக்கவுண்ட்லருந்து பதில் வந்திருக்குன்னு காட்டுச்சு. "வந்துட்டாருடா!"ன்னு கத்தியே விட்டேன், கஸ்டமர் பயந்துட்டாரு. தொறந்து பாத்தேன்.

"நான் சசியோட மனைவி. அவருக்கு டெங்கி. இன்னிக்குக் காலையில தவறிட்டாரு. இத நான் யார்கிட்ட கொடுக்கணும்?"

அந்தக் கமெண்ட்ட நான் இன்னும் அழிக்கல. அழிச்சிடுன்னு நம்ம திங்காட் குரூப்ல நெறைய பேரு சொன்னீங்க. அது அங்கயே இருக்கட்டும். அவர் போயி நாலு மாசம் ஆச்சு. இப்ப நான் இத எழுதறதுக்குக் காரணம், போன வாரத்துலருந்து நீங்க கேட்டுக்கிட்டே இருக்கற கேள்விதான். "சசி அண்ணன் பேர் இருக்கிற பக்கமெல்லாம் ஏன் செவப்பாகுது? யார் செஞ்ச வேல இது?" நான்தான் செஞ்சேன். எதுக்குன்னு சொல்றேன். அதுக்கு அவரப் பத்திச் சொல்லாம முடியாது.

அவர நேர்ல பாக்காதவங்களுக்காக. சசி அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு. முப்பத்தஞ்சு முப்பத்தாறு வயசு இருக்கும். லிஃப்ட்டோட மோட்டர் ரூம் மொட்ட மாடியில இருக்கும், குழி கட்டடத்துக்கு அடியில இருக்கும், ரெண்டு எடத்துலயும் போன் லைன் கெடைக்காது. மேனுவல் எல்லாம் ஆன்லைன்ல, ஆளு குழிக்குள்ள. அதுக்காக அவரா உக்காந்து எழுதுனதுதான் திங்காட். சாதாரணமா டைப் பண்ண குறிப்புங்கள கொடுத்தா அழகா ஒரு வெப்சைட்டா கட்டிக் கொடுக்கும். சர்வர் வேணாம், ஒன்னும் வேணாம், போன்ல ஒரு தடவ எறக்கிட்டா லைன் இல்லாமலே தொறக்கும். அடுக்கு அடுக்கா சாப்பாடு கட்டிக்கிட்டுப் போற பாத்திரத்துக்கு மலாய்ல உள்ள பேரத்தான் வெச்சாரு. நான் அத போன் ரிப்பேர் குறிப்பு எழுதி வைக்க எடுத்தேன். எந்தக் காலேஜும் போகாம, கம்போங் மேடான் ஃப்ளாட்ல உக்காந்து வீடியோ பாத்து கத்துக்கிட்டவ நான். முதல் நாளே அவர் எழுதுன புரோகிராம் கோட ராத்திரி முழுக்க கத புக்கு மாதிரி படிச்சேன். அப்படியே பைத்தியமாயிட்டேன். சத்தியமா.

நேர்ல பாத்தது ஒரே ஒரு தடவ. எங்க கடைக்குப் பக்கத்துல இருக்கற வாழயில சாப்பாட்டுக் கடையில. யூனிஃபார்ம்ல, கையெல்லாம் கிரீஸோட வந்து நின்னாரு.

"நீதான் கவியா? மீச வெச்ச ஆளுன்னுல்ல நெனச்சேன்."

"ஏன்ணே?"

"நீ போடற சண்டைக்கு."

நான் ஒரு லிஸ்ட் பிரிண்ட் போட்டுக் கொண்டு போயிருந்தேன். புது வெர்ஷனுக்கு எனக்கு என்னெல்லாம் வேணும்னு. அவர் ரசத்த ஊத்திக்கிட்டே படிச்சாரு. டைப் பண்ணப் பண்ண வர்ற சேர்ச், ஓகே. சைட்ட பில்ட் பண்ணும்போதே ஒடஞ்ச லிங்க காட்டறது, ஓகே. பழைய மாடல் புது மாடல்னு மாத்திப் பாக்கற பட்டன், "நல்ல ஐடியாலா, எனக்கே தோணல." டார்க் மோட் வந்ததும் நிறுத்துனாரு.

"மோட்டர் ரூமே இருட்டு. ஸ்க்ரீனையும் இருட்டாக்கிட்டா நான் எங்கம்மா போறது?"

ஆனா அதையும் செஞ்சு கொடுத்தாரு. எல்லாத்தையும் செஞ்சாரு. எல்லாம் முடிச்சுட்டு, லிஸ்ட்லயே இல்லாத ஒன்ன அவரா சேத்தாரு. அங்கதான் சண்ட ஆரம்பிச்சது.

அது என்னன்னா, ஒவ்வொரு பக்கத்து மேலயும் ஒரு வரி. "கடைசியா கையால செஞ்சு பாத்தவர்", அதுக்குப் பக்கத்துல பேரு, தேதி. அந்தப் பேர சிஸ்டம் தானா போடாது, ஆளே டைப் பண்ணணும். காலியா விட்டா சைட்டே பில்ட் ஆகாம நின்னுடும். தொண்ணூறு நாள் தாண்டுனா அந்தப் பக்கத்து மேல செவப்புப் பட்டை விழும். எனக்குப் பாத்ததும் எரிச்சலாயிடுச்சு. இவ்ளோ அழகா ஒரு தீம் பண்ணி வெச்சிருக்கோம், அதுக்கு மேல செவப்பா? யார் இத யூஸ் பண்ணுவா? ஓட்டெடுப்பு வெச்சேன். நீங்கள்லாம்தான் வந்து வேணாம்னு போட்டீங்க, மறந்திருக்க மாட்டீங்க. அவர் ஒரே வரியில பதில் போட்டாரு: "ஓட்டு போட்டா லிஃப்ட் நிக்காது."

"பேரு எதுக்குண்ணே, வெளம்பரமா?"ன்னு கேட்டேன். அப்படியேதான் கேட்டேன்.

"பெருமைக்கு இல்ல. தப்பானா யாரத் திட்டணும்னு தெரியணும்ல."

அதுக்கப்புறம் அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது ஒரு கட்டடத்துக்குப் போயி, திங்காட்ல உள்ள அந்தக் கட்டடத்து லிஃப்ட் மேனுவல்ல ஒவ்வொரு பக்கத்தையும் படிச்சு, அதுல உள்ளபடியே கையால செஞ்சு பாத்து, பேரு போட்டுக்கிட்டு வந்தாரு. ரிலீஸ் தள்ளித் தள்ளிப் போச்சு. நான் தெனமும் போயி எப்ப எப்பன்னு கேட்டேன். அப்புறம் ஒரு வாரம் அவர் பதில் போடல. அப்புறம் பூனை படம்.

அவர் வீடு பூச்சோங்ல. சேதி வந்த அன்னிக்கே போனேன். ரோட்டுல கூடாரம் போட்டு நாற்காலி போட்டிருந்தாங்க. அவரோட கம்பெனி நம்பர் போட்ட சேஃப்டி பூட்ஸ் வாசல்லயே இருந்துச்சு, யாரும் எடுத்து வைக்கல. நான் போயி உக்காந்த கொஞ்ச நேரத்துல, கொசு மருந்து அடிக்கற ஆளுங்க வந்துட்டாங்க. அவர் போன அன்னிக்குத்தான் அந்த ரோட்டுக்கு அவங்களுக்கு வழி தெரிஞ்சிருக்கு. வந்தவங்கெல்லாம் வாயப் பொத்திக்கிட்டு அந்தப் புகையில நின்னோம். யாரு அழறாங்க, யாருக்குக் கண்ணு எரியுதுன்னே தெரியல.

அவர் மனைவி லதா அண்ணிகிட்ட போயி நான்தான் அந்தக் கவின்னு சொன்னேன். சொல்லாம இருந்திருக்கலாம். அண்ணன் அந்தப் பூனை கமெண்ட்ட படிச்சாரான்னு கேட்டேன்.

"அப்ப அவருக்கு நெனவே இல்ல. ஐசியூ வாசல்ல போன் என்கிட்டதான் இருந்துச்சு. நான்தான் படிச்சேன்."

கோவமா சொல்லல. நடந்தத சொன்னாங்க, அவ்ளோதான். அதுக்கப்புறம் உள்ள போயி ஒரு நோட்டு புக்கு எடுத்துட்டு வந்தாங்க. பாஸ்வேர்ட் எல்லாம் அதுல இருக்கு. "கொடுத்துடுங்கன்னு கேட்டல்ல? எடுத்துக்க. எனக்கு இத வெச்சிக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியல."

பக்கத்து நாற்காலியில இருந்தவரு எனக்குத் தண்ணி பாட்டில் நீட்டுனாரு. எடது கையில ரெண்டு வெரல் இல்ல. சசி அண்ணன் கூட வேல செய்யற மணியம் அண்ணன் அவரு. நான் அந்தக் கையப் பாத்தத அவர் பாத்துட்டாரு.

"என்ன பாக்கற? மோதிர வெரல் பத்திரமாத்தான் இருக்கு. என் பொண்டாட்டிக்கு அதுதான் கவலையா இருந்துச்சு."

அப்புறம் கேக்காமலே சொன்னாரு. ஒரு கட்டடத்துல மெயின் சுவிட்ச அணைச்சிட்டு வேல ஆரம்பிக்கலாம்னு மேனுவல்ல இருந்துச்சாம். அணைச்சிட்டு கயித்துல கை வெச்சிருக்காரு. ஆனா அந்தக் கட்டடத்துல புதுசா ஒரு பேட்டரி மாட்டிருந்தாங்க. கரண்ட் போனா உள்ள மாட்டுன ஆளுங்கள பக்கத்து மாடிக்குக் கொண்டு போற பேட்டரி. கரண்ட்ட அணைச்சதும் அதுதான் வேல செய்ய ஆரம்பிச்சிருக்கு. லிஃப்ட் நகந்துச்சு, கயிறு ஓடுச்சு.

"அந்தப் பக்கத்த எழுதுனது யாரு?"ன்னு கேட்டேன்.

"சசிதான்லா. பக்கத்து கட்டடத்து பக்கத்த காப்பி பண்ணிப் போட்டுட்டான். போயிப் பாக்கல. நான் எத்தன தடவ சொல்லிருப்பேன், விடுடா, பத்துல எட்டு பாஸ் மார்க்குதான்னு. சிரிக்கவே மாட்டான்."

என் கையில அந்த நோட்டு புக்கு. உள்ளுக்குள்ள நான் வெச்ச ஓட்டெடுப்பு.

ரெண்டு வாரம் கழிச்சு ரிலீஸ் பண்ணோம். சேர்ச் பறந்துச்சு. டார்க் மோட் அவ்ளோ அழகு. பட்டையும் இருந்துச்சு, பேரும் இருந்துச்சு, அத யாரும் எடுக்கணும்னு சொல்லல. ஆனா நான் ஒன்னு சேத்தேன். ஒரே ஒரு வரி கோடு. சசி அண்ணன் பேர் இருக்கிற பக்கம் மட்டும் எத்தன நாளானாலும் செவப்பாகாது, என்னிக்கும் பச்சையாவே இருக்கும். ரிலீஸ் குறிப்புல கடைசியா "சசி அண்ணனுக்காக"ன்னு போட்டேன். நீங்க எல்லாரும் அதுக்குத்தான் ஹார்ட் போட்டீங்க. நான் வேல செய்யற கவுண்ட்டர்லயே குனிஞ்சு அழுதேன். என் வாழ்க்கையில நான் எழுதுன நல்ல கோடு இதுதான்னு நெனச்சேன்.

போன வாரம் சனிக்கிழம, மணியம் அண்ணன் போன் பண்ணாரு. செராஸ்ல ஒரு கட்டடத்துலருந்து. ரோட்டுக்கு எறங்கி வந்து பண்றாரு, வண்டிச் சத்தம் கேக்குது.

"கவி, இங்க பேனல் மொத்தமா மாத்திட்டாங்க. ரெண்டு மாசம் ஆச்சாம். ஆனா பக்கம் பச்சையா இருக்கு. சசி பேரு இருக்கு. அது எப்படிம்மா, அவன் வந்து செக் பண்ணிட்டுப் போனானா?"

நான் கடை கம்ப்யூட்டர்ல அந்தப் பக்கத்தத் தொறந்தேன், பச்சையாத்தான் இருந்துச்சு.

"சுவிட்ச அணைச்சிட்டேன், தெரியுமா. அவன் பேரு இருக்கேன்னு அணைச்சிட்டேன். கைய நீட்டறதுக்கு முன்னாடி ஏதோ ஒரு பயம், பேனல தொறந்து பாத்தேன். பேட்டரிய உள்ளயே வெச்சிருக்கானுங்க. என்கிட்ட இதுக்கு மேல கொடுக்க வெரல் இல்லம்மா."

அந்த வரிய நான்தான் எழுதுனேன்னு சொன்னேன். எதுக்குன்னும் சொன்னேன்.

"அவன் மேல பாசம் இருந்தா வீட்டுல போட்டோ மாட்டு. என் மேனுவல்ல மாட்டாத."

அன்னிக்கே அந்த வரிய எடுத்துட்டேன். குரூப்ல கேக்கல, ஓட்டும் வெக்கல. பொழுது விடியறதுக்குள்ள நூத்துக்கணக்குல பக்கம் செவப்பாச்சு. அதத்தான் நீங்க பாத்தீங்க. "அவரோட நெனவ அழிக்கிற"ன்னு ஒருத்தர் எழுதிருந்தாரு. சசி அண்ணன் பயந்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. போயிப் பாக்காத ஒரு ஆளோட பேர நம்பி இன்னொருத்தர் கைய வைக்கறதுக்கு. அவர் செத்த பிறகு அவரையே அந்த ஆளா நான் ஆக்கிட்டேன். அழகுன்னு நெனச்சு ஆக்கிட்டேன்.

இந்தச் சனிக்கிழம செராஸுக்கு நானும் போனேன். மோட்டர் ரூம்ல இருக்கற சூடு, அப்பப்பா. நான் போன்ல ஒவ்வொரு வரியா படிச்சேன், மணியம் அண்ணன் செஞ்சாரு. தப்பா இருக்கற வரிய மாத்துனேன். மறுபடியும் படிச்சேன், மறுபடியும் செஞ்சாரு. சரியா வந்ததும், "பேரப் போடு"ன்னாரு. சசின்னு இருந்தத நான் ஒவ்வொரு எழுத்தா அழிச்சேன். மணியம், கவி, தேதி. பட்டை பச்சையாச்சு. அவர் மூஞ்சிய தொடச்சிக்கிட்டே அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

திரும்பும்போது பூச்சோங்ல அண்ணி வீட்டுக்குப் போயி எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையா கேட்டாங்க. கடைசியா ஒன்னு கேட்டாங்க, "எல்லாப் பக்கத்துலயும் அழிச்சிட்டா, அப்புறம் அவர் பேரு எங்கதான்மா இருக்கும்?"

அவர்கிட்டருந்து எனக்குன்னு மிச்சமா இருக்கறது இந்த வேல மட்டுந்தான். ஒரு கட்டடம், ஒரு பக்கம், கையால செஞ்சு பாத்துட்டு, அப்புறமா அவர் பேர அழிக்கறது. வேற யாரையும் அத செய்ய விட மாட்டேன். யாரத் திட்டணும்னு உங்களுக்குத் தெரியணும்ல, அதான் சொல்றேன். நான்தான்.